கண்ணுக்கு மேல் அட்டை

வெள்ளகோவில் கடைவீதி. உரக்கடைக்கும்
மருந்துக்கடைக்கும் நடுவே ஆறடி அகலம் என் கடை.
கல்யாணப் படம், காலமானவர் படம்,
முருகன், வேளாங்கண்ணி மாதா,
எல்லாச் சட்டத்துக்கும் ஒரே தேக்குச் சாயம்.

வைகாசியில் ஒரு மத்தியானம் செலின் டீச்சர்
துண்டில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்தார்.
கறுப்புக் கோடுகள் மட்டும்.
களத்தில் ஒருவன் முழங்காலிட்டு
ஆட்டுத்தோலைப் பிழிகிறான்.
நிலா இருக்கவேண்டிய இடத்தில்
இமை மூடிய ஒற்றைக் கண்,
ஊரளவு.
இமைமயிர் ஒவ்வொன்றும் பனங்கருக்கு.

'கிதியோனுங்க.
சண்டைக்குப் போலாமான்னு ஆண்டவர்கிட்ட அடையாளம் கேட்டவன்.
தோலு நனையோணும், தரை காயோணும்னான். அப்படியே ஆச்சு.
நம்பலை.
மறுநா, தரை நனையோணும், தோலு காயோணும்னான்.'

'இது எந்த நாளுங்க?'

'அதுதான் எங்க வீட்ல முப்பது வருசச் சண்டை.'

திருப்பூர் சலவைப் பட்டறையில்
இரண்டு நகத்தைக் கொடுத்துவிட்டு வந்த என் தம்பி
எட்டிப் பார்த்துச் சொன்னான்:
'இது ஆசிட்டு கடிச்ச கோடு.
தகட்டைத் தின்னு, அந்தக் குழில மை நின்னிருக்குது.'

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
கொறங்காட்டில் ஆடு மேய்த்தவன் நான்,
பனி இறங்கிய கம்பளி எப்படிக் கனக்கும் என்று தெரியும்.
தோலில் ஒரு கோடும் இல்லை.
வெறுங் காகிதம்.
ஈரம்தானா என்று காகிதத்தைக் கேட்கவா முடியும்?

டீச்சர் தானாகவே சொன்னார்.
எட்வின் சார் ஜெபம் பண்ணிவிட்டுத்தான்
தேங்காய் வைத்துப் பார்க்கப் போனாராம், யாருக்கும் தெரியாமல்.
உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றது.
இன்னொருக்கா பாருங்க என்றார். நின்றது.
ஆயிரத்து இருநூறு அடி.
மாவு மாதிரிப் புழுதி, எதிர்க்காட்டு வேலி வெளுக்கும்வரை.
அது ஐந்தாவது போர்.
பிறகு அவர் படுத்த கட்டிலுக்கு நேர் எதிரே
இந்தப் படம்தான்.
'அந்தக் கண்ணை மட்டும் மறைச்சுப் போட்டுக் குடுங்க.'

அட்டையை நான்கு விரல்கடை இறக்கி வெட்டினேன்.
வானம் போனது. கிதியோன் தலைக்கு மேல்
சந்தன நிறத்தில் வெறும் அட்டை.

சனிக்கிழமை வந்தார். கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.
ஐந்நூறு ரூபாய்த் தாள்; சில்லறை இல்லை,
பாக்கி நாற்பது இன்னும் என் கல்லாவில் தனியாகக் கிடக்கிறது.

'உள்ள மூடித்தான இருக்குது?'

'அட்டை வைக்கும்போது மூடித்தான் இருந்துதுங்க.'

மூலனூர் பஸ்ஸில் ஏறினார். படத்தை மடியில் சாய்க்காமல்
சன்னலோரம் நிறுத்தி,
முகம் வெளியே காட்டுப்பக்கம் பார்க்கும்படி
பிடித்துக்கொண்டார்.