காலுறைக் கணக்கு

முதலில் கால்களைக் கழற்றுகிறேன், வெய்க்கோ.
நான்கும் ஒரே நீளம் என்று நம்பிவிடாதே.
லப்பக் நடனக்கூடத்தில் ஒருவன்,
மாடு விற்ற காசை அப்படியே குடித்தவன்,
நாற்காலி என்று நினைத்து இதன்மேல் உட்கார்ந்தான்.
அன்று வளைந்த காலை அறுத்து நிமிர்த்தியதில்
அரை விரற்கடை குட்டை.
சிவப்பு நகப்பூச்சால் அதில் ஒரு பொட்டு.
சமதரையில் அது ஒழுங்காக நின்றதே இல்லை.
அட்டை ஏதாவது மடித்து வைத்துக்கொள்.

உடம்பைத் தலைகீழாகக் கிடத்தியாயிற்று.
மேலிருந்து பார்த்தால் பத்துத் தந்தி, கொஞ்சம் பளபளப்பு.
அடிவயிற்றில்தான் அத்தனை கூட்டமும்:
இழுகம்பி, கொக்கி, சுருள்வில்,
லிஃப்டுக்குள் நிற்கும் அந்நியர்கள் போல
ஒன்றையொன்று தொடாமல்.
நடுநடுவே நுரைத்துண்டு செருகியிருக்கிறேன்.
வெடுக்கென்று பிடுங்காதே.

தந்திகளை அரைச்சுற்று மட்டும் தளர்த்தினேன்.
முழுக்க விட்டுவிட்டால்
மரம் தன் நினைப்புக்கு வளைய ஆரம்பிக்கும்.

பெடல் தண்டு மூன்று.
ஒரே வார்ப்பு மாதிரி தெரியும்.
மாற்றி மாட்டினால்
அழ வேண்டிய இடத்தில் விக்கல் எடுக்கும்.
ஒன்றிலும் இரண்டிலும் டேப் ஒட்டி எண் எழுதினேன்.
மூன்றாவதில் எண்ணெய், டேப் பிடிக்கவில்லை.
எதுவும் எழுதாதது மூன்று.

நேற்றிலிருந்து அமரில்லோவில் பனிமழை.
கடைகள் திறக்கவில்லை.
குமிழ்ப் பிளாஸ்டிக் முழுவதும் உடம்புக்கே சரியாகப் போனது.
ஆகவே
காலுக்குக் காலுறை.
தண்டுக்கும் காலுறை.
சாவிகளையும் விரல்முட்களையும்
கட்டைவிரல் ஓட்டையான ஒன்றில் போட்டு
முடிச்சிட்டேன்.

உருக்கு உருளைக்கு மட்டும்
ஆஸ்பத்திரியில் கொடுத்த சாம்பல்நிறக் காலுறை,
அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்தது.
வழுக்காது.

ஏன் விற்கிறாய் என்று நீ கேட்கவில்லை.
நவம்பரில் இடது முட்டியை மாற்றினார்கள்.
இப்போது உள்ளே இருப்பதும் உலோகம்தான்.
நேரே நடக்கிறது, படி ஏறுகிறது,
இடப்பக்கம் தள்ளச் சொன்னால் மாட்டேன் என்கிறது.
நெம்புகோல் கேட்பதோ இடப்பக்கம்.

பெட்டியைத் தூக்க பக்கத்து வீட்டு எலிசியோ வந்தான்.
முப்பத்தொரு கிலோ.
'உள்ளே யார்?' என்றான்.
சுங்கப் படிவம் அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை.
பழைய இசைக்கருவி, ஒன்று, என்று எழுதினேன்.
மதிப்பு என்ற கட்டத்தில்
நீ அனுப்பிய தொகையை எழுதினேன்.
விநெல் டாக்கெட் என்று கையெழுத்து.
காலுறைகளை எழுத மறந்துபோனேன்.

*

ஐந்து வாரம் கழித்து ஔலுவிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம்,
தாளில் அகராதி பார்த்து எழுதிய ஆங்கிலம்.

ஹெல்சிங்கியில் பெட்டியைத் திறந்தார்களாம்.
அதிகாரி ஒருவர் ஒன்பது காலுறைகளை
மேசையில் வரிசையாகப் பரப்பிவைத்து
வெகுநேரம் பார்த்தாராம்.
படிவத்தில் இல்லாத சரக்கு.
அவர் கேட்டது அதையல்ல:
ஏன் ஒன்றுக்கும் ஜோடி இல்லை?

வெய்க்கோவின் வீடு அவன் மாமனார் கட்டியது.
தரை ஆற்றுப்பக்கம் சாய்கிறது,
மேசைமேல் பென்சில் நிற்காது.
சிவப்புப் பொட்டுக் காலை
ஜன்னல் மூலைக்குக் கொடுத்தானாம்.
அட்டை வேண்டியிருக்கவில்லை.
மூன்றாம் பெடல் மட்டும் கனக்கிறது, ஏன், என்கிறான்.
அது எப்போதும் அப்படித்தான்.
எழுத வேண்டும்.

எட்டுக் காலுறைகள், துவைத்து, இஸ்திரி போட்டு.
காலுறைக்கு இஸ்திரி போடும் ஆளை
நான் கேள்விப்பட்டதே இல்லை.
கட்டைவிரல் ஓட்டை நீல நூலில் அடைபட்டிருக்கிறது.
சாம்பல்நிறத்தை அனுப்பவில்லை,
உருளை அதற்குள்தான் தூங்குகிறதாம், மன்னிக்கவும்.

இரண்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்,
ஒன்று பச்சை, ஒன்று கோடு போட்டது.
என்ன சோப்போ,
ஈர விறகு போல ஒரு வாசனை.
முட்டைப் பொரியல் ஆறுகிறது.
மேசைக்கடியில் இடது முட்டி
ஓரமாக நகர்ந்து
எதையோ தள்ளப் பார்க்கிறது.

பயிற்சித்தாளை எடுத்துத் தேடினேன்.
பன்னிரண்டு படங்கள்.
இந்த அசைவு
அதில் இல்லை.