மார்ச் மாத மிச்சம்

ஜனவரியில்தான் முதல் தடவை எழுதினோம்,
மகளின் பழைய கணக்கு நோட்டில், பின்பக்கம்.
குத்தைசியின் குளிருக்கு எரிவாயு நூற்றுப்பத்து லாரி.
ரொட்டி, சீஸ், பேருந்து,
நோதாரின் ரத்த அழுத்த மாத்திரை.
கூட்டிக் கழித்தால் அறுபது லாரி
போன இடம் தெரியவில்லை.
'தெரியவில்லை' என்றே எழுதி
எதிரே அறுபது போட்டேன்.
நோதார் சிகரெட்டைப் பற்றவைத்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிப்ரவரியில் சிகரெட்டுக்கும் ஒரு வரி கிடைத்தது.
கணக்கு நேராகிவிடும் போலிருந்தது.
இரண்டாம் மாடி ஒதாரி இறந்தார்.
வழக்கப்படி வீட்டுக்கு இருபது லாரி,
வாசலில் பெயர் எழுதி வாங்கினார்கள்.
அடுத்த வாரம் எத்தேரி.
பனி உருகுமுன்
லிஃப்ட் பழுதுபார்க்கும் குராம்.
மறுபடி அறுபது துண்டு விழுந்தது,
இந்த முறை எங்கே என்று தெரியும்.
எத்தேரி வீட்டில் உட்கார்ந்து
மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்.
அவள் மகள் என் கையைப் பிடித்து
"நீங்கள் ஒருத்திதான் நிஜமாக அழுதீர்கள்" என்றாள்.

மார்ச்சுக்குப் புது வரி:
சாவு, நாற்பது.
நோதார் வார்த்தையை அடித்து
'அக்கம்பக்கம்' என்று மாற்றினான்.
தொகையைத் தொடவில்லை.

மார்ச்சில் யாரும் சாகவில்லை.
ஐந்தாம் மாடி வக்தாங்
நிமோனியா வார்டிலிருந்து திரும்பி,
லிஃப்ட் ஓடாததால்,
மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி
ஏறிப் போனார்.
எங்கள் தளத்தில் நின்றபோது
கதவைத் திறந்து
வணக்கம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

நாற்பது லாரி
நோட்டுக்குள் அப்படியே இருக்கிறது.
ஏப்ரல் பக்கத்தில் இதை எங்கே எழுத?
'வரவு' என்று எழுத
கை வரவில்லை.