நீல மை

முன்னூற்று அறுபது பெட்டி சால்மன்.
எண்ணியவன் நான்.
பனிக்கட்டிக்குள் வெப்பமானியைச் செருகி
ஒன்று புள்ளி இரண்டு என்று குறித்தவனும் நான்.
ஆனாலும் தாளின் அடியில் இருக்கும் அந்தக் கட்டம்
எனக்குத் திறக்காது.

குஞ்சுப் பருவத்திலிருந்து தீனி போட்டு
கூண்டில் இவற்றை வளர்த்த எர்லண்டுக்கும் திறக்காது.
ஆலையையே விலைக்கு வாங்கியவருக்கும்.
பட்டியலில் பெயருள்ள கால்நடை மருத்துவர்
இன்றைக்கு லெர்விக்கில் ஒரே ஒருத்தி,
இங்கா ஹால்க்ரோ.
மூக்கு ஒழுக, கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்
வந்து உட்காருகிறாள்.

அச்சு கறுப்பு. ஆகவே அவள் பேனா நீலம்.
நகல் எது, கைப்பட எழுதியது எது என்று
பூலோன் துறையில் யாரோ ஒருவர்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாராம்.
பொருந்தாத வரிகளை அடிக்கிறாள்.
நண்டு இல்லை. சிப்பி இல்லை.
கடலில் வலைவீசிப் பிடித்ததில்லை.
அடித்த இடத்திலெல்லாம் ஒரு சுருக்கொப்பம்.

"கடைசி அடுக்கின் லேபிளை நீயே பார்த்தாயா?"

பார்த்தேன் என்றேன்,
கொஞ்சம் தாமதமாக.

பேனாவை மூடிவிட்டாள்.

ஏழு மணிக்குக் கப்பல்.
லுபோமிர் லாரியின் எஞ்சினை அணைக்காமல்
ஜன்னலைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டுகிறான்.
முதலாளியின் அழைப்பில் போன் நடுங்கி நடுங்கி
மேசை விளிம்புவரை வந்துவிட்டது.
அவளுக்குக் கோபமில்லை.
"நீ பார்த்திருந்தால் அது நான் பார்த்த மாதிரி.
பார்த்திருப்பாய் என்பதற்கு நான் என்ன செய்ய?"
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

ஆலங்கட்டி மழையில் பின்கதவைத் திறந்தோம்.
முப்பது பெட்டிகளை இறக்கினேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஒவ்வொன்றாக அவளே குனிந்து படித்தாள்.
எல்லாம் சரி.
எல்லாமே சரியாகத்தான் இருந்தது,
அது எனக்கு ஆறுதலாக இல்லை.
ஆறு ஐம்பதுக்கு நீலம் இறங்கியது.

வீட்டில், ஜாம் பாட்டிலுக்கடியில்
ஓஸ்லாவின் பள்ளிக்கூடத் தாள்.
நாளைக்கு நீச்சல் குளம்.
'குழந்தை நலமாக இருக்கிறாள்.'
கீழே பெற்றோர் கையெழுத்து.
இதற்குப் பட்டியல் ஏதுமில்லை,
பெற்றதே தகுதி.
கைக்கு அகப்பட்ட பேனா, கறுப்பு.
பாதிப் பெயரில் நின்றுவிட்டேன்.

மாடியேறி அவள் நெற்றியில் கைவைத்தேன்.
பனிக்கட்டியில் மரத்துப்போன விரல்,
இதற்குச் சூடு தெரியுமா?
குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

"மீன் நாத்தம்" என்று
தூக்கத்திலேயே சுவர்ப்பக்கம் திரும்பினாள்.