என் கை வெல்டிங்

கோணவட்டத்தில் காலை ஒன்பதுக்கே
தகரம் தொட்டால் சுடும்.
தனகோட்டியின் லாரி
சத்துவாச்சாரி மேம்பாலத்தைக்
காலி வண்டியாகவே இரண்டாம் கியரில் ஏறி
நேற்றிரவு என் பட்டறைக்கு வந்து நின்றது.
டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு,
என்ன செய்தும் அணையவில்லை.

"செகண்ட்ஸ்ல வாங்கினேன் மேஸ்திரி.
ஆம்பூர் ஷூ கம்பெனி லோடு.
வெளிநாட்டுக்காரன் இப்போ
ஷூவை மட்டும் பார்க்கறதில்லையாம்,
அதைச் சுமக்கிற வண்டியோட புகையையும் பார்க்கிறானாம்.
வியாழக்கிழமைக்குள்ள சீட்டு வேணும்."

ஜாக்கி வைத்துத் தூக்கி
அடியில் மல்லாந்து படுத்தேன்.
நான்கு நட்டில் மூன்று வந்தது,
ஒன்றை அறுத்தோம்.
இர்பான் டார்ச் பிடித்தான்.
கன்வர்ட்டரின் வயிற்றில்
நீளவாக்கில் ஒரு தையல்.
கம்பெனித் தையல் இல்லை.
அரை அங்குலத்துக்கு ஒருமுறை
இடப்பக்கம் சற்றே சாய்ந்து சாய்ந்து போகிறது.
என் வலது கட்டைவிரல் மடங்காது.
அதனால் வருகிற சாய்வு அது.

இரண்டு வருடம் முன்பு,
இதே டி.என். இருபத்து மூன்று,
வேறு முதலாளி, வாலாஜாக்காரர்.
"அடைச்சிக்கிச்சு. புதுசு போட வசதியில்லை.
வெறும் குழாயா ஆக்கிடு."
கீறினேன்.
உள்ளே இருந்த தேனடையைக் கடப்பாரையால் குத்தித்
தார்ப்பாயில் கொட்டினேன்.
சென்சாருக்குப் பொய் சொல்லத்
தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி,
அதையும் நானே மாட்டினேன்.
சாம்பல் நிறத் தூளைக்
கிராம் கணக்கில் எடுத்துப்போக ஓர் ஆள் வருவான்.
பதினான்காயிரம் தந்தான்.
அதில் வாங்கியதுதான்
இப்போது என் தலைக்கு மேல் இந்த லாரியைத்
தாங்கிக்கொண்டிருக்கும் ஜாக்கி.

எங்கள் ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
சாமி இல்லாத கோயில்.
அந்தப் பட்டியலில் நானும் ஒன்று சேர்த்திருக்கிறேன்.
பாலாறு மாதிரியே.
கரை இருக்கும், பாலம் இருக்கும்,
பெயர்ப்பலகைகூட இருக்கும்.

"என்ன மேஸ்திரி, கம்பெனிப் பொருள்தானே?"
"இல்ல. யாரோ திறந்திருக்காங்க."
இர்பான் டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினான்,
உடனே இறக்கிக்கொண்டான்.

புதியது மறுநாள் பார்சலில் வந்தது.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
தனகோட்டி பில்லை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்தான்,
எடுத்தான், திரும்ப வைத்தான்.
மாட்டும் முன் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
சல்லடையைவிடச் சன்னமான கண்கள்,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.

அம்புக்குறி பின்பக்கம் பார்க்க,
புது கேஸ்கெட், புது நட்டு.
பொய்ப் பெட்டி உள்ளுக்குள் வெந்துபோயிருந்தது;
வயரோடு வெட்டி எறிந்தேன்.
சென்சார்கள் இனி மூக்கில் பட்டதைச் சொல்லட்டும்.
அரை மணி ஓடவிட்டோம்.
விளக்கு உடனே நம்பவில்லை.
மூன்றாம் முறை சாவி திருப்பியபோதுதான் அணைந்தது.

"கூலி?"
நாலாயிரத்து ஐந்நூறு, வாய்வரை வந்தது.
"ஐந்நூறு கொடு, நட்டுக் காசு."
தனகோட்டிக்குச் சந்தேகம்.
குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
வண்டியை எடுத்தான்.

வியாழன் மதியம் போன் செய்தான்.
"பாஸ், மேஸ்திரி. லோடோட பாலம் ஏறுறேன், நாலாவது கியர்."
பின்னணியில் ஹாரன், காற்று.

சாமி இல்லாத கோயிலுக்குச்
சாமி வந்து நாளாயிற்று.
கேலி செய்பவர்கள்தான்
பட்டியலைத் திருத்தவில்லை.

ராத்திரி பழைய கணக்கு நோட்டை எடுத்தேன்.
அந்த வருடம் மட்டும்
இன்னும் பதினோரு வண்டி.
நம்பர்களைத் தனித்தாளில் எழுதி
ஜாக்கியின் அடியில் வைத்தேன்.
காலையில் இர்பான் அதை எடுத்து
ஒவ்வொன்றாகப் படித்தான்.
"இதுல ஒண்ணு
நேத்து பள்ளிகொண்டா டோல்ல பார்த்தேன்" என்றான்.