பாத்திக்கு மூன்று முட்டை

ஊர்க்கூட்டம் எதுவும் போடவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்,
நடுவில் கையும் களவுமாய்
அலகில் மண் ஒட்டிய ஐந்து கோழிகள்.
கிளறிய பூண்டுப் பாத்தி ஒன்றுக்கு
மூன்று முட்டை என்று முடிவாயிற்று.
குழந்தைவேல் அன்றே
போன வருஷக் காலண்டரின் முதுகில்
முதல் கோட்டைப் போட்டார்.

பூம்பாறையில் பூண்டுக்கு இருக்கும் மரியாதை
மனுஷனுக்குக் கிடையாது.
என் கோழிகளுக்கோ
அதன் அடியில் நெளியும் புழுதான் பெரிது.

கோழி வளர்ப்பது சுலபம் என்று சொன்னவள்
கொடைக்கானல் லாட்ஜில் என்னோடு
படுக்கைவிரிப்பு மடிக்கும் ஜெசிந்தா.
அவள் வளர்த்தது வத்தலக்குண்டில்.
இங்கே தை மாதக் காலையில்
தட்டில் வைத்த தண்ணீர்
கண்ணாடியாகிக் கிடக்கும்.
கரண்டிக் காம்பால் தட்டி உடைப்பேன்.
உறைந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியை
அடுப்போரம் வைத்து இளக்கி
சேவலின் கொண்டைக்குப் பூசுவேன்.
பூசாத வருஷம்
அதன் நுனி கறுத்து உதிர்ந்தது.
அன்றிலிருந்து அது கூவினால்
யாரிடமோ புகார் சொல்வதுபோல் இருக்கும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி வேறு.
ஒரு புட்டி மருந்து நூறு கோழிக்கு.
கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்
தீர்த்தாக வேண்டும்.
என்னிடம் இருப்பது சேவலோடு ஆறு.
மீதித் தொண்ணூற்று நான்கைத் தேடி
தெருத்தெருவாய்ப் படியேறினேன்.
"ஐஸில் வைத்துக் கொண்டுபோ" என்றிருந்தார் கம்பவுண்டர்.
என் விரல்களே ஐஸாய்த்தான் இருந்தன.
என்னுடையதையும் சேர்த்து
முப்பத்தேழு தேறியது.
அறுபத்து மூவருக்கான மருந்தை
மண்ணில் ஊற்றினேன்.

மார்கழியில் வெயில் சுருங்கியதும்
முட்டையும் நின்றது.
அறுபது வாட்ஸ் பல்பு போட்டேன், கரண்ட் போனது.
மீன்தலை அவித்துப் போட்டேன், பூனை வந்தது.
கூண்டுக்குள் துழாவிய கைக்கு
உமியும் வைக்கோலும்தான் கிடைத்தன.
வேலிக்கு அப்பால் கோடுகள் ஏறின.
பதினெட்டு. இருபத்து நான்கு. முப்பது.
"அவசரமில்லம்மா" என்பார் குழந்தைவேல்,
பென்சிலைக் காதில் செருகியபடி.

செவலையைத் தேடிக்கொண்டு ஒருநாள்
அவர் எருக்குழிப் பக்கம் போனேன்.
சாக்குப் படுதாவுக்கு அடியில்
கோழி உட்கார்ந்து எழுந்த குழி,
இன்னும் சூடாய்.
பக்கத்தில் சாம்பலோடு கலந்து
முட்டையோடுகள்.
முனையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல் இருப்பது
செவலையின் முட்டை மட்டுந்தான்.
உடைந்ததை எண்ண முடியாது.
திரும்பி வந்து
வேலிப் பொத்தலை அடைக்கலாமா
விடலாமா என்று நின்றேன்.
காலை பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

மரநாய் வந்தது ஒரு புதன்கிழமை.
கூண்டுக்குக் கூரையாய்க் கவிழ்த்திருந்த
பழைய டி.வி. டிஷ் உருளும் சத்தம்.
நான் விளக்கைத் தேடி எழுவதற்குள்
டார்ச்சும் மண்வெட்டியுமாய்
காதைக்கூட மூடாமல்
குழந்தைவேல் வேலி தாண்டி நின்றிருந்தார்.
செங்கல் நிறத்தில் நாலு இறகு.
அவ்வளவுதான் மிச்சம்.

விடிந்ததும் காலண்டரோடு வந்தார்.
"செவலைக்கு உண்டானதைக் கழிச்சிடலாம்."
எவ்வளவு என்றேன்.
எதையும் புரட்டவில்லை அவர்.
தரையைப் பார்த்தபடி சொன்னார்,
"நாப்பத்தொண்ணு."

அப்படியானால் பதினொன்று
அவர் பக்கம் பாக்கி.
இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம், பனி இறங்குமுன்
கூண்டு வாசலில் குந்தி எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
சேவல் மட்டும் உள்ளே போகாமல்
வேலிப் பொத்தலையே பார்த்து நிற்கிறது.
கூப்பிட்டுப் பார்க்கிறேன், பா பா பா.
அந்தப் பக்கமிருந்தும்
யாரோ கூப்பிடுகிறார்கள்.