பதினோராம் வாரம், செவ்வாய்க்கிழமை

பாடத்திட்டம் பிஷ்கெக்கிலிருந்து வந்தது,
தபால் லாரியில்,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஓரம் நனைந்து.
நாடு முழுவதற்கும் ஒரே நாற்பத்தொரு பக்கம்.
முதல் வகுப்பு, பதினோராம் வாரம், செவ்வாய்:
'மாணவர் சாலை விளக்குகளை அறிவர்.
சாலையைப் பாதுகாப்பாகக் கடப்பர்.'

எங்கள் பள்ளத்தாக்கில் விளக்கு இல்லை.
கடக்கச் சாலையும் இல்லை.
ஆற்றோரமாய்ப் போகிற ஒரு தடம்,
மழை பெய்தால் அதுவும் ஆறு.

குறை சொல்லவில்லை நான்.
யாரோ ஒருவர் ஏதோவொரு மூன்றாம் மாடியில்
தேநீர் ஆறிப்போவதும் தெரியாமல் உட்கார்ந்து
என் ஒன்பது பிள்ளைகளும்
வண்டியில் அடிபட்டுவிடக் கூடாதென்று நினைத்திருக்கிறார்.
முகம் தெரியாதவர்கள் மீதான கவலை
அட்டவணையாகத்தான் வரும் போல.

கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டேன்.
வண்ணச் சுண்ணக்கட்டி தீர்ந்து மாதமாகிறது.
பெர்மெத் கழுத்துத் துணியை அவிழ்த்தாள்: சிவப்பு.
மஞ்சளுக்கு ஒரு சோப்பு உறை.
பச்சைக்கு வெளியே புல் இல்லை, நவம்பர்;
துர்சுன்பெக்கின் இடக்கைக் கையுறை.

'சிவப்பைக் காட்டினா குதிரையும் நிக்குமா, டீச்சர்?'
பாடத்தில் குதிரை இல்லை, என்றேன்.
சொன்ன வாய் எனக்கே கசந்தது.
எல்லோரையும் வெளியே கூட்டிப் போனேன்.

தடத்தின் நடுவில் பெர்மெத், கையில் சிவப்பு.
தண்ணிக்குப் போன மந்தை நிற்கவில்லை.
அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து,
அப்பால் போய் ஒன்றாகியது.
பின்னால் வந்த சாகின் மட்டும் குதிரையை இழுத்துப் பிடித்து,
'இதென்ன, புது வரியா?' என்றார்.
கையுறை உயர்கிற வரை
மீசையில் உறைபனியோடு காத்திருந்தார், பாவம்.

'இலக்கு எட்டப்பட்டதா?' என்ற கட்டத்தில்
ஆம் என்று எழுதி,
ஆடுகள் நீங்கலாக என்று சேர்த்து,
சேர்த்ததை அடித்தேன்.

துர்சுன்பெக் என் மேசையருகே வந்தான்.
அவன் அப்பா மாஸ்கோவில்
விடியும் முன் தெருப்பனி வாருகிறவர்.
'அங்கயும் இதே மூணு நிறந்தானா?'
இதே மூன்றுதான்.
'எங்கப்பா குறுக்க வந்தாலும் வண்டி நிக்குமா?'
சிவப்பென்றால் யாருக்காகவும் நிற்க வேண்டும்,
பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது, என்றேன்.

அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னான்.
இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத விரலை
நனைந்து காய்ந்த அந்த வரிமேல் வைத்தான்.
மணி அடித்த பிறகும்
எடுக்கவில்லை.