ஏழாம் பொருள்

அது வருவதற்குள்
பாதிப் பேர் கோட்டு மாட்டியிருப்பார்கள்.
முதற்பொருள் கையுறை.
இரண்டாவது, மூன்றாம் கிடங்கின் கழிப்பறைக் கதவு.
பிறகு கூலி. கூலிக்கு ஒரு மணி நேரம் போகும்.
ஏழாம் பொருளுக்கு வரும்போது
காபி ஆறியிருக்கும்,
ஜன்னலில் ஸ்கெல்டே கழிமுகம் இருட்டியிருக்கும்,
யாரோ சாவிக்கொத்தைக் குலுக்குவார்.

'வெளிநாட்டுத் தோழர்கள்' என்று அச்சடித்திருப்போம்.
ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுகக் கிளையில்
குறிப்பெடுக்கிறவன் நான்.
பதினோரு வருடமாக அந்த வரிக்கு நேரே
'விவாதிக்கப்பட்டது' என்று எழுதிவருகிறேன்.
விவாதித்ததில்லை.

அந்த நவம்பரில் லுன்ட்யே எழுந்தாள்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள்,
கூட்டத்தில் அவள் குரலைக் கேட்டவர் கிடையாது.
கையில் வாழைப்பெட்டி மூடி ஒன்று, கிழித்தது.
"மூலையில் பாருங்கள், கூடம் பதினாலு.
இதில் ஸ்டிக்கர் ஒட்டின பொம்பளை ஹோண்டுராஸில்
ஜெயிலில் இருக்கிறாள்.
சங்கம் வைத்தாளாம். பேர் உபால்தினா."
உட்கார்ந்துவிட்டாள்.

கிரைன்தான் கேட்டார்:
"கக்கூஸ் கதவையே மாட்ட வக்கில்லை,
நாம் போய் சிறைக் கதவைத் திறக்கப்போகிறோமா?"
சிரித்தோம். நானும்தான்.
குறிப்பில் அதை எழுதவில்லை.

ஆனால் மூடி கைமாறிப் போனது.
ஒவ்வொருவரும் ஏனோ அதை முகர்ந்தார்கள்.
பச்சைக்காய்க்கு ஏது வாசனை?
அட்டை நெடி, கொஞ்சம் மருந்து நெடி.

மறுவாரம் ஒரு கப்பலுக்கு
விதிப்புத்தகம் சொன்னபடியே வேலை செய்தோம்.
ஒவ்வொரு கொக்கிக்கும் இரண்டு சோதனை,
ஒவ்வொரு ஏணிக்கும் ஒரு கையெழுத்து.
ஆறு மணி நேரம் தாமதம்.
கம்பெனி தொலைபேசிக்கு அன்று ஓய்வில்லை.
இரண்டு பேர் சங்கத்தை விட்டுப் போனார்கள்.
'நான் சந்தா கட்டுவது எனக்காக' என்றது ஒரு கடிதம்.
அதை மட்டும் எழுத்துப் பிசகாமல் பதிந்தேன்.

சிறை அதிகாரிக்கு நாற்பது தபாலட்டைகள்.
கடற்கரைக் கடையில் விற்காமல் கிடந்தவை,
எல்லாவற்றிலும் ஒரே கடல்நாய்.
லுன்ட்யே தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.
ஒருவன் வானிலை எழுதினான்.
கிரைன் எழுதியது ஒரே வரி:
'அவளுக்குக் கண்ணாடி வேண்டுமாம். கொடுங்கள்.'

மே மாதம் பதில் வந்தது,
வக்கீல் ஒருவரின் பையில் ஒளிந்து:

'அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்,
யார் இந்த லுன்ட்யே, மந்திரியா?
ஆமாம் என்றேன்.
கண்ணாடி வந்தது. பவர் தப்பு,
பெரிய எழுத்து மட்டும் தெரிகிறது.
அது என்ன மிருகம்?
சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறோம்.
உங்களுக்கு அங்கே என்ன கஷ்டம்? எழுதுங்கள்.
இந்த அறையில் பதினேழு பேர்,
எழுதத் தெரிந்தவர்கள் ஒன்பது.'

வெட்கமாக இருந்தது.
உள்ளே கிடப்பவளிடம் எதைச் சொல்ல?
கிரைன் சொன்னார்: கேட்டாளே, சொல்.
கதவைப் பற்றி எழுதினேன்.

ஆகஸ்டில் மேலாளர் கிடங்குக்கே வந்தார்,
கையில் ஸ்பானிய மொழியில் ஒன்பது கடிதங்கள்,
கோடு போட்ட தாள், சிறை முத்திரை.
"மூன்றாம் கிடங்குக் கழிப்பறை இவர்களுக்கு எப்படித் தெரியும்?
யார் இந்த உபால்தினா?"

"மந்திரி" என்றார் கிரைன்.

வழக்கு மூன்றாம் முறை தள்ளிப்போயிருக்கிறது.
பதினாலாம் கூடத்துப் பெட்டிகள் இப்போதும் வருகின்றன,
நாங்கள் இப்போதும் இறக்குகிறோம்.
ஏழாம் பொருள் ஏழாவதாகவே இருக்கிறது,
சாவிச் சத்தம் மட்டும் நின்றிருக்கிறது.

கதவு வந்துவிட்டது.
புதுப் பலகை, பச்சைப் பெயின்ட்,
தாழ்ப்பாள் உள்பக்கம்.
போடும்போது ஒரு கணம்
கை அதிலேயே நின்றுவிடுகிறது.